போனக்காட்டுப் பிள்ளைகளுக்கு: அந்த ஃபைலை அழித்துவிடாதீர்கள்

எஸ்டேட் லயத்தில் வளர்ந்து, இன்று விதுராவிலும் நெடுமங்காட்டிலும் திருவனந்தபுரத்திலும், கடல் தாண்டி துபாயிலும் மஸ்கட்டிலும் இருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

யூடியூபில் நம் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். முதலில் வந்து நிற்பது பேய் பங்களா. ராத்திரியில் டார்ச் அடித்துக்கொண்டு மூச்சு வாங்கும் பையன்கள், வெள்ளைக்காரத் துரையின் மகள் இன்னும் அங்கே நடமாடுகிறாள் என்று நடுங்குகிற குரலில் சொல்கிறார்கள். அதைத் தாண்டினால் அகஸ்தியர்கூடம்: 1868 மீட்டர் உயரம், மலையேற்றம், ட்ரோனில் எடுத்த மஞ்சு. அதையும் தாண்டினால் மூடிக்கிடக்கும் தேயிலை ஃபேக்டரி, துருப்பிடித்த இயந்திரம், சோக இசை. எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. நம் ஆட்கள் மட்டும் இல்லை. கூலி நிலுவையும் கிராஜுவிட்டியும் கேட்டுக் கேட்டுக் கிழவர்களான மனிதர்கள் அந்த வீடியோக்களில் வந்தால், பேயைப் பற்றி இரண்டு வரி சொல்வதற்காக மட்டுமே வருகிறார்கள்.

ஃபேக்டரி ஓடியபோது இந்த ஊர் எப்படி இருந்தது என்று காட்டும் அசையும் படம் எங்கே இருக்கிறது தெரியுமா? உங்கள் அம்மாவின் ட்ரங்குப் பெட்டியில். கல்யாண விசிடியில், சடங்கு டிவிடியில், அண்ணன் முதன்முதலில் வாங்கிய கேமரா போனின் சின்ன மெமரி கார்டில். பெண்ணழைப்பு லயத்து வாசலில் வரும்போது பின்னால் தெரிகிற கூரையையும் கொழுந்துக் கூடையையும் எந்த யூடியூபரும் இனிப் போய் எடுக்க முடியாது. எஸ்டேட் உயிரோடு இருந்ததற்கு வீட்டு வீடியோவை விட்டால் நம்மிடம் வேறு அசையும் பதிவு இல்லை.

அதைத்தான் நீங்கள் அழித்துக்கொண்டிருக்கிறீர்கள். கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

கெட்ட எண்ணத்தில் அழிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். போனில் ஓடவில்லை என்று மாற்றப் பார்க்கிறீர்கள். யாரோ சொன்னார்கள் என்று எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் கருவியை இறக்குகிறீர்கள். கறுப்புத் திரையில் ஒரு வரி அடிக்கிறீர்கள். சிவப்பிலும் மஞ்சளிலும் ஏதோ ஓடி நின்றுவிடுகிறது. உடனே எனக்கு வருகிற செய்தி: “அக்கா, ஃபைல் கரப்ட். டெலிட் பண்ணிட்டேன்.” எல்லோரும் ஒரே மாதிரி எழுதுகிறீர்கள். என்ன பிழை என்று ஒருவரும் எழுதுவதில்லை.

எஃப்எஃப்எம்பெக் 2000-ஆம் ஆண்டில் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கியது. இலவசம், மூல நிரலோடு திறந்து கிடப்பது. நீங்கள் தினமும் தொடும் விஎல்சி பிளேயருக்குள்ளும் இதன் நூலகங்கள்தான் வேலை செய்கின்றன. கட்டளை கொடுத்து நடத்தும் கருவி என்பதால் பயப்படுகிறீர்கள். ஆனால் நம் ஊருக்கு இதைப்போலத் தோதான கருவி இல்லை. ஒருமுறை இறக்கிவிட்டால் இணையமே வேண்டாம். போனக்காட்டில் சிக்னல் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கணினி இல்லாவிட்டால் ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் என்ற செயலியைப் போட்டு அதிலேயே ஓட்டலாம். பெயர் தெரியாத ஏதோ தளத்தில் அக்கா கல்யாணத்தை ஏற்றி, விளம்பரம் பார்த்து, மாற்றி இறக்குகிறீர்களே, அந்த வேலையும் மிச்சம். வீட்டுப் பெண்களின் முகம் யாருடைய சர்வரிலும் போய் உட்காராது.

இது தன் தோல்வியை மறைக்காத கருவி. எந்த இடத்தில் இடறியது என்று எழுதிக் காட்டிவிட்டுத்தான் நிற்கும். அந்த எழுத்தைத்தான் படிக்கச் சொல்கிறேன். இங்கே கட்டளைகளை ஒலிப்படி எழுதுகிறேன். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

‘நாட் ரெகக்னைஸ்ட் அஸ் அன் இன்டர்னல் ஆர் எக்ஸ்டர்னல் கமாண்ட்’ என்று வந்தால் உங்கள் வீடியோவை அது இன்னும் தொடவே இல்லை. கருவி எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று விண்டோஸுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ‘நோ சச் ஃபைல்’ என்று வந்தால் பெயரில் இடைவெளி இருக்கும், மேற்கோள் குறி போட்டிருக்க மாட்டீர்கள். அல்லது விண்டோஸ் ஃபைல் பெயரின் வால்பகுதியை மறைத்து வைத்திருக்கும். நீங்கள் எம்பி4 என்று அடிப்பீர்கள், உண்மையில் அது 3ஜிபியாக இருக்கும். இந்த இரண்டு செய்திக்காகவே ஃபைலை அழித்தவர்கள் உங்களில் உண்டு. வீட்டுச் சாவி கிடைக்கவில்லை என்று வீட்டையா இடிப்பார்கள்?

வேறு வகைத் தவறு ஒன்று இருக்கிறது, அது அறியாமையில் வருவது. எம்பி4, 3ஜிபி, ஏவிஐ என்பதெல்லாம் வெறும் பெட்டி. உள்ளே இருக்கும் படமும் ஒலியும் எந்த முறையில் சுருக்கப்பட்டவை என்பது தனி விஷயம். பழைய போனின் 3ஜிபி பெட்டிக்குள் பெரும்பாலும் எச்.263 படமும் ஏஎம்ஆர் ஒலியும் இருக்கும். ‘மைனஸ் சி காப்பி’ என்று கொடுத்து அப்படியே எம்பி4 பெட்டிக்கு மாற்றப் பார்த்தால், ‘குட் நாட் ஃபைண்ட் டேக் ஃபார் கோடெக்’ என்று மறுத்துவிடும். இந்தச் சரக்கு அந்தப் பெட்டியில் ஏறாது என்று சொல்கிறது; சரக்கு கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. படத்தை எச்.264-க்கும் ஒலியை ஏஏசி-க்கும் மாற்றச் சொன்னால் ஓடிவிடும். ‘மைனஸ் சிஆர்எஃப் 18’ போடுங்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் 23 எடுத்துக்கொள்ளும். எண் குறையக் குறையத் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும்.

மாற்றிய பிறகு மூலத்தை அழிக்காதீர்கள் என்று நான் தொண்டை வற்றக் கத்துவதற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. ஒரு சுருக்க முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஒவ்வொரு தடவையும் படம் கொஞ்சம் இழக்கிறது. இலைத்தூளை மறுபடி அரைத்தால் டஸ்ட் ஆகும், டஸ்டை எத்தனை பெட்டி மாற்றினாலும் இலைத்தூள் ஆகாது என்று எஸ்டேட் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டுமா? மாற்றிய ஃபைலுக்கு மாற்றிய நாளின் தேதிதான் இருக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும். ஃபேக்டரி ஓடியது எந்த வருஷம் வரை, அந்த லயத்துக் கூரை எப்போது விழுந்தது என்று நாளைக்கு யாராவது கேட்டால், மூல ஃபைலின் தேதிதான் கொஞ்சமாவது பேசும்.

இப்போது விசிடி. நம் வீடுகளில் அதிகம் கிடப்பது அதுதான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

விசிடி 1993-இல் வகுக்கப்பட்ட முறை. 352-க்கு 288 புள்ளி, நொடிக்கு 25 படம், எம்பெக்-1 சுருக்கம். டிஸ்கைத் திறந்தால் எம்பெக்ஏவி என்ற ஃபோல்டரில் டிஏடி என்று முடியும் பெரிய ஃபைல் இருக்கும். கல்யாணம் அதற்குள்தான். மற்ற ஃபோல்டர்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். சாதாரண சிடியில் ஒரு செக்டாருக்கு 2048 பைட் தகவல், மீதி இடம் பிழை திருத்தத்துக்கு. விசிடியில் அதே செக்டாரில் 2324 பைட் வீடியோவை ஏற்றினார்கள். பிழை திருத்தும் இடத்தைப் பறித்துக்கொண்டுதான் ஏற்றினார்கள். அதனால் ஒரு கீறலைச் சாதாரண சிடி தாங்கும், விசிடி தாங்காது. காப்பி பாதியில் நின்றால் டிஸ்க் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. மெத்தென்ற துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். சுற்றிச் சுற்றித் துடைத்தால் கீறல் தடத்தோடு ஓடி இன்னும் கெடுக்கும். பிறகு வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று படித்துவிடும்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்த டிஏடி ஃபைலைச் சாதாரணமாக இழுத்துப் போட்டால் உள்ளீட்டுப் பிழை என்று வரும். புத்தம் புது விசிடிக்கும் அப்படித்தான் வரும், செக்டார் அமைப்பு வேறு என்பதால். விசிடிஇமேஜர் என்ற தொகுப்பில் இதைப் பிரித்தெடுக்கவே ஒரு கட்டளை இருக்கிறது, அதைக் கொண்டு எடுங்கள். எடுத்த ஃபைலை எஃப்எஃப்எம்பெக் அடையாளம் காணத் திணறினால், ‘மைனஸ் ஐ’க்கு முன்னால் ‘மைனஸ் எஃப் எம்பெக்’ என்று சொல்லிக்கொடுங்கள். முன்னால் என்பது முக்கியம். ‘மைனஸ் ஐ’க்கு முன் எழுதுவது உள்ளே வரும் ஃபைலுக்கு, பின் எழுதுவது வெளியே போகும் ஃபைலுக்கு. உங்கள் பாதிப் பிழைகள் இந்த இடம் மாறியதால் வந்தவை.

டிவிடி என்றால் வேறு வினை. “தாலி கட்டுற வரைக்கும்தான் இருக்குக்கா, மீதி இல்ல” என்கிறீர்கள். மீதி இருக்கிறது. டிவிடியில் வீடியோ ஏறக்குறைய ஒரு ஜிபி வீதம் விஓபி ஃபைல்களாக உடைத்து வைக்கப்பட்டிருக்கும். நீங்கள் முதல் துண்டை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். ‘கான்கேட்’ என்று போட்டு எல்லாத் துண்டையும் வரிசையாக ஒட்டி ஒரே ஃபைலாக மாற்றுங்கள். ஆள் நடக்கும்போது உடம்பில் சீப்புப் பல் மாதிரிக் கோடு விழுந்தால், அது பழைய டிவிக்காக ஒற்றை வரி இரட்டை வரியாகப் பிரித்து எடுத்த படம். ‘யாடிஃப்’ என்ற வடிகட்டி சரிசெய்துவிடும்.

நாதஸ்வரக்காரர் வாயை எடுத்த பிறகும் சத்தம் வந்துகொண்டிருந்தால் நேரக்குறி பிசகியிருக்கிறது. ‘மைனஸ் எஃப்ஃப்ளாக்ஸ் பிளஸ்ஜென்பிடிஎஸ்’ என்பதை உள்ளீட்டுக்கு முன் போட்டுப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ஒலியை ‘ஏரீசாம்பிள்’ வடிகட்டியில் ‘அசிங்க் 1’ என்று கொடுத்து நேரத்தோடு பொருத்தலாம். ‘நாட் டிவிசிபிள் பை டூ’ என்று வந்தால் படத்தின் அகலமோ உயரமோ ஒற்றைப்படை எண். ஒரு புள்ளி வெட்டினால் போதும்.

உண்மையிலேயே வயிற்றைக் கலக்கும் செய்தி ஒன்றுதான்: ‘மூவ் ஆட்டம் நாட் ஃபவுண்ட்’. எம்பி4 எடுக்கும் போன் படத்தையும் ஒலியையும் தொடர்ந்து எழுதிக்கொண்டே போகும். எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பெரும்பாலும் நீங்கள் ஸ்டாப் அழுத்திய பிறகுதான் எழுதும். அதற்குள் பேட்டரி தீர்ந்தாலோ கார்டைப் பிடுங்கினாலோ அட்டவணை இல்லாமல் போகும். முதலில் காப்பி முழுதாக வந்ததா பாருங்கள். கார்டில் உள்ள ஃபைலின் அளவும் கணினியில் உள்ளதன் அளவும் ஒன்றா? பல நேரம் காப்பி அறுந்துபோனதுதான் காரணம், மறுபடி எடுத்தால் தீர்ந்தது. அளவு சரியாக இருந்தும் அதே செய்தி என்றால் எஃப்எஃப்எம்பெக்கால் தனியாக ஒன்றும் செய்ய முடியாது. அப்போதும் படம் ஃபைலுக்குள்ளேதான் கிடக்கிறது. அன்ட்ரங்க் என்று ஒரு கருவி உண்டு. அதே போனில், அதே அமைப்பில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் காட்டினால், அதைப் பார்த்து இழந்த அட்டவணையைக் கட்டிக்கொடுக்கும். எல்லா வகை ஃபைலுக்கும் கைகொடுக்காது என்றாலும் முயன்று பார்க்க வேண்டியது. அதற்கு அந்த போன் வேண்டும், அல்லது அந்த போனில் எடுத்த வேறு வீடியோவாவது வேண்டும். அப்பாவின் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போடும் முன் இதை யோசியுங்கள்.

இணையத்திலிருந்தும் ஏஐயிடமிருந்தும் கட்டளையை எடுத்து அப்படியே ஒட்டுகிறீர்களே, அதில் ‘மைனஸ் ஒய்’ இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஃபைல் இருந்தால் கேட்காமல் அதன்மேல் எழுதிவிடு என்று அர்த்தம். ‘மைனஸ் ஒய்’ இல்லாவிட்டால் அதுவாகவே கேட்கும், நீங்கள் யோசிக்க ஒரு நொடி கிடைக்கும். உள்ளே போகும் பெயரும் வெளியே வரும் பெயரும் ஒன்றாக இருந்தால் செய்யமாட்டேன் என்று நிற்கும். கருவிக்கு இருக்கும் பொறுப்பு நமக்கும் இருக்க வேண்டாமா?

பிழையே வராமல் கெடுப்பவை இரண்டு. ஒன்று வாட்ஸாப். குடும்ப குரூப்பில் வீடியோவாக அனுப்பிவிட்டு, “அதான் குரூப்ல இருக்கே” என்று டிஸ்கைத் தூக்கிப் போடுகிறீர்கள். வீடியோவாக அனுப்பினால் அது நசுக்கித்தான் அனுப்பும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், உள்ளது உள்ளபடி போகும். இன்னொன்று 4கே ஆசை. பழைய கல்யாணத்தை 4கே ஆக்கித் தருகிறோம் என்று காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். விசிடியின் ஒரு படத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் புள்ளி. 4கேயில் ஏறக்குறைய 83 லட்சம். கிட்டத்தட்ட 82 மடங்கு. இல்லாத அத்தனை புள்ளியையும் கணினி ஊகித்துத்தான் நிரப்பும். பாட்டியின் முகத்தில் பாட்டிக்கு இல்லாத கண்ணும் பல்லும் வந்து உட்காரும். பார்க்க ஆசையாக இருந்தால் ஒரு நகலில் செய்து பாருங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. அதை மூலம் என்று அடுத்த தலைமுறைக்குக் கொடுக்காதீர்கள். பங்களாவில் பேய் காட்டுகிறவர்கள் செய்வதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

“யார்க்கா இதையெல்லாம் பார்க்கப் போறாங்க?” என்று கேட்கிறீர்கள். ஒருவரும் பார்க்காமல் போகலாம். ஆனால் நம் பெரியவர்கள் இந்த மலையில் உழைத்தார்கள் என்பதற்குக் கையில் இருக்கும் காகிதம் எவ்வளவு என்று யோசியுங்கள். வருகைப் பதிவும் சம்பளப் புத்தகமும் நம்மிடம் இல்லை. அவை கம்பெனியிடம் இருந்தவை. நம்மிடம் இருப்பது நம் வீட்டில் எடுத்தது மட்டுமே. வேண்டாம் என்று முடிவு செய்யும் உரிமை உங்கள் பிள்ளைகளுக்கு இருக்கட்டும், அவர்களுக்கு முன் நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லாவற்றையும் யூடியூபில் ஏற்றச் சொல்கிறேன் என்றும் நினைக்க வேண்டாம். பிரிந்துபோன தம்பதிகளும் இறந்துபோனவர்களும் அந்தப் படங்களில் இருக்கிறார்கள். வீட்டில் கேட்காமல் வெளியே விடாதீர்கள். வைத்துக்கொள்வது வேறு, காட்டுவது வேறு.

என் கோரிக்கை இதுதான். இடவப்பாதி மழை இறங்குவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போங்கள். ட்ரங்குப் பெட்டியில் உள்ள டிஸ்க், கார்டு, கேசட் அத்தனையையும் எடுத்து ஈரமில்லாத இடத்துக்கு மாற்றுங்கள். நம் மலை ஈரத்தில் எல்லாவற்றிலும் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த கேசட்டை விசிஆரில் போட்டுவிடாதீர்கள், நாடாவும் போகும் மெஷினும் போகும். அதைத் தனியாக எடுத்து வையுங்கள். டிஸ்கிலும் கார்டிலும் உள்ளதை எதையும் மாற்றாமல் முதலில் அப்படியே காப்பி எடுங்கள். ‘மூலம்’ என்று ஒரு ஃபோல்டர், ‘பார்க்க’ என்று ஒரு ஃபோல்டர். மூலத்தில் கை வைக்கக் கூடாது. மாற்றுவதெல்லாம் இரண்டாவதில். இரண்டையும் இரண்டு ஹார்ட் டிஸ்கில் போட்டு, ஒன்றை லயத்திலும் மற்றொன்றை உங்களோடும் வைத்துக்கொள்ளுங்கள். யார் கல்யாணம், எந்த டிவிஷன், எந்த வருஷம் என்று அம்மாவிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள். அம்மாக்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

அதன் பிறகும் ஏதாவது ஓடவில்லை என்றால் என்னிடம் வாருங்கள், எத்தனை மணிக்கு வேண்டுமானாலும். “ஓடல” என்று மட்டும் எழுதாதீர்கள். நீங்கள் அடித்த கட்டளையையும், அதற்கு எஃப்எஃப்எம்பெக் சொன்ன பதிலையும், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை காப்பி செய்து அனுப்புங்கள்.